நாலரைச் சாண் வார்

"நிமிந்து நில்லுட்டி."

நின்றேன்.

"இப்படி விறைச்சுக்கிட்டு நிக்காத. சும்மா நில்லு. மூச்ச விடு. இஞ்சின்னா மூச்சு விடாது, நீ விடுவல்லா?"

கோவில்பட்டியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்வாசல். குருத்தோலை ஞாயிற்றுக்கு ஒரு வாரம் இருந்தது. பங்குனி வெயிலில் தகரக் கூரை காலையிலேயே டப் டப்பென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. என் வீட்டுக்காரர் கையில் ஒரு சணல் கயிற்றோடு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு நுனியை நான் பிடித்திருந்த மாண்டலினின் தலையில் வைத்தார். அங்கிருந்து என் இடது தோளில் ஏற்றி, முதுகின் குறுக்கே இழுத்து, வலது அக்குளுக்குக் கீழே கொண்டுவந்து வாத்தியத்தின் அடியில் முடித்தார். பிறகு கயிற்றைத் தரையில் போட்டுச் சாண் சாணாக அளந்தார்.

"நாலரைச் சாண்," என்றார். எழுதிக்கொள்ளவில்லை. ஓர் அளவு அவர் மனசில் ஏறினால் ஏறினதுதான்.

கலியாணமாகி அப்போது ஆறு வருஷம். பகல் வெளிச்சத்தில் அவர் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான், அதுவும் அளவெடுக்க. எனக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். சணல் கயிறு என் வயிற்றை உரசிப் போனபோது மாண்டலினை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு அப்போது மூன்று மாதம். அது அவருக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று நான்தான் மறைத்து வைத்திருந்தேன்.

மடியில் நிற்காத வாத்தியம்

கொழும்பில் கடை வைத்திருந்த சித்தப்பா நாகலாபுரத்து வீட்டுக்கு மாண்டலின் கொண்டுவந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சேலை கட்டிக்கொண்டு அதை எப்படி அம்மா மாட்டினீர்கள்?" இத்தனை வருஷத்தில் ஊரில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. கேட்டவர் நன்றாக இருக்கட்டும்.

என்னுடையது முதுகு தட்டையான மாண்டலின் இல்லை. பூசணிக்காயைப் பாதியாக வெட்டினதுபோல பின்பக்கம் உருண்டிருக்கும். உட்கார்ந்து வாசித்தால் மடியில் வழுக்கும். வலது முழங்கையால் அமுக்கிக்கொண்டே வாசிக்கவேண்டும். நூல் சேலை கட்டினால் ஓரளவு நிற்கும். பட்டு கட்டின அன்றைக்கு, பாட்டு ஒரு பக்கம் போகும், வாத்தியம் ஒரு பக்கம் போகும்.

அப்படியும் பாடகர் குழுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து வருஷக்கணக்காகச் சமாளித்துவிட்டேன். அந்த வருஷம் புதிதாக வந்த ஐயர் காரியத்தைக் கெடுத்தார். எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்லுவோம். அவர் பாடகர் குழுவைக் கூப்பிட்டு, "குருத்தோலை பவனில ஆர்மோனியத்தத் தூக்கிக்கிட்டு நடக்க முடியாது. மாண்டலின் இருக்குல்லா, அது முன்னால போகட்டும்," என்று சொல்லிவிட்டார். நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். அதற்கு வார் வேண்டும். சித்தப்பா வாத்தியம் கொண்டுவந்தாரே தவிர வார் கொண்டுவரவில்லை.

முதலில் பாவாடை நாடாவைக் கட்டிக் கழுத்தில் மாட்டிப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் பின்கழுத்து கன்றிவிட்டது. நாடா தாலிச் சங்கிலியோடு பின்னிக்கொண்டது. கொண்டை அவிழ்ந்தது. இடது கை சுரம் பிடிக்கிறதா, வாத்தியத்தின் தலையைத் தூக்கிப் பிடிக்கிறதா? பெரிய துண்டை மடித்துக் கழுத்தில் போட்டு அதன்மேல் நாடாவைப் போட்டேன். பல்வலிக்காரி மாதிரி இருந்தது.

சுப்பம்மா போட்ட கட்டு

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தரிசு. பருத்தி எடுத்து முடிந்த கரிசல்காடு அதற்கு அப்பால். ஆடு மேய்க்கிற சுப்பம்மா தினமும் காலையில் அந்த வழியாகத்தான் மந்தையை ஓட்டிக்கொண்டு போவாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவள். வெள்ளாட்டுப் பால் தருவாள், பாலைவிட அதிகமாக ஊர் வம்பு தருவாள்.

நான் பின்வாசலில் நாடாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததை நின்று பார்த்தாள். அவள் முதுகில், அன்று விடியலில் போட்ட குட்டி ஒன்று ஒரு பழஞ்சேலைத் துண்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

"யக்கா, என்ன செய்யுதீங்க?"

"பாட்டுப் பெட்டியத் தொங்கவிடப் பாக்கேன்."

"கழுத்துல போட்டா பாரம் பூரா கழுத்துக்குல்லா? கழுத்து என்ன பாவம் செஞ்சுது? முதுகுக்குக் குடுங்க." திரும்பி நின்று காட்டினாள். துணி இடது தோளில் ஏறி, முதுகின் குறுக்கே இறங்கி, வலது கைக்குக் கீழே வந்து முடிந்திருந்தது. "ரெண்டு மைலு நடப்பேன், குட்டி இருக்கதே தெரியாது."

அவளே நாடாவை அவிழ்த்து எனக்குக் குறுக்காகக் கட்டினாள். கட்டிக்கொண்டிருந்தவள் கை நின்றது. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பார்த்தாள். சினை ஆட்டைத் தூரத்திலிருந்தே சொல்லுகிறவளிடம் எதை மறைக்க முடியும்?

"எத்தனை?" என்றாள்.

"மூணு. யாருக்கும் தெரியாது சுப்பம்மா. அவியளுக்குக்கூட."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் முன்னால் நடந்தது அவளுக்குத் தெரியும். "நான் யாருகிட்ட சொல்லப் போறேன்? ஆட்டுக்கிட்டயா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஊரில் எல்லார் வம்பையும் பேசின வாய், இதை மட்டும் கடைசிவரை பேசவில்லை.

குறுக்காகப் போட்டபிறகு பாரம் குறைந்தது. ஆனால் புதிதாக ஒரு தொந்தரவு. வார் தோளில் முந்தானைக்கு மேலே கிடந்தால், நடக்க நடக்க முந்தானையையும் இழுத்துக்கொண்டு சரியும். இதற்கு வழி கண்டுபிடித்தவள் நானே. வாரை முதலில் மாட்டிக்கொள்ளவேண்டும். முந்தானையை அதற்கு மேலே போட்டுக் குத்திக்கொள்ளவேண்டும். வாரும் சரியாது, சேலையும் கசங்காது. கேட்ட வாசகர் இதைக் குறித்துக்கொள்ளலாம். சேலை கட்டிக்கொண்டு மாண்டலின் மாட்ட இதைவிடச் சுகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

முழுகாமல்

இனி, ஏன் மறைத்தேன் என்பதைச் சொல்லவேண்டும்.

எங்கள் ஊர்ப்பக்கம் பிள்ளை உண்டானவளை "முழுகாம இருக்கா" என்பார்கள். கோடையில் கோவில்பட்டியில் இதைச் சொன்னால் வெளியூர்க்காரர் சிரிப்பார். குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊரில் ஆண், பெண், ஐயர், உபதேசியார் எல்லாருமே முழுகாமல்தான் இருந்தோம்.

முதல் தடவை நான் முழுகாமல் இருந்தபோது இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கே குளத்தூரில் இருந்த என் மாமியாருக்கும் நாகலாபுரத்தில் என் அப்பாவுக்கும் கார்டு எழுதிப் போட்டார். மாமியார் ஒரு ஓலைப்பெட்டி நிறைய முறுக்கோடு வந்து இறங்கினார். முறுக்கு தீரவில்லை, பிள்ளை நிற்கவில்லை. மூன்றாம் மாதம்.

இரண்டாவது தடவை ஐந்தாம் மாதம்வரை போனது. சபையில் ஜெபம்கூடப் பண்ணினார்கள். அதுவும் போய்விட்டது. அன்றைக்கு இவர் பருத்தி அரைக்கிற ஜின்னிங் பேக்டரி வேலையிலிருந்து வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தது. "பஞ்சுத் தூசு," என்றார். அவர் பஞ்சுக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுததை அவரோடு வேலை பார்த்தவர் பெண்சாதி எனக்குப் பிறகு சொன்னாள்.

பிள்ளை போனதைத் தாங்கிக்கொண்டேன். அந்தப் பஞ்சுத் தூசை என்னால் தாங்க முடியவில்லை. மூன்றாவது தடவை தெரிந்ததும் நான் வாயைக் கட்டிக்கொண்டேன். நிலைத்தால் தானாகத் தெரியட்டும். நிலைக்காவிட்டால் அழுகிற ஆள் ஒருத்தியாகவே இருக்கட்டும்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படி மறைத்தேன் என்று கேட்பீர்கள். பருத்தி சீசனில் ஜின்னிங் பேக்டரிக்காரனுக்குப் பெண்சாதி முகமே மறந்துபோகும். வண்டி வண்டியாகப் பருத்தி வந்து நிற்கும். விடியுமுன் போவார். வந்ததும் முற்றத்துக் கட்டிலில் விழுவார். நான் மசக்கையில் ஓங்கரித்ததை வெயில் பித்தம் என்றேன், நம்பினார். கொசுவத்தைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினேன். நம் சேலை இருக்கிறதே, அது எத்தனையோ ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

சேலை காப்பாற்றினதை வார் காட்டிக்கொடுத்தது.

"இளகியிருக்கு"

அவர் பேக்டரியில் பெல்ட் பார்க்கிற வேலையில் இருந்தார். ஓர் இஞ்சினிலிருந்து நீளமான இரும்புத் தண்டு ஓடும். அந்தத் தண்டில் உள்ள சக்கரங்களிலிருந்து தோல் பெல்ட்டுகள் கீழே ஒவ்வொரு மிஷினுக்கும் இறங்கும். அந்தச் சக்கரத்தைப் புல்லி என்பார்கள். பெல்ட் ஓட ஓட இளகி நீளும், புல்லியில் வழுக்கும். வழுக்காமல் இருக்கக் குங்கிலியத் தூள் தூவுவார்கள். இளகினதை வெட்டி, இழுத்து, மறுபடி தைப்பது இவர் வேலை. பெல்ட் அடிக்கிற சத்தத்தைக் கேட்டே எது எத்தனை விரக்கடை, அதாவது எத்தனை விரல் அகலம், இளகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். பெல்ட் என்றால் இளகும் என்பது அவருக்கு வேதவாக்கு.

என் வாரையும் பழைய மிஷின் பெல்ட்டிலிருந்துதான் வெட்டினார். இரண்டு விரல் அகலம். விளக்கெண்ணெய் போட்டு நாலு நாள் தேய்த்து, கன்றுக்குட்டிக் காது மாதிரி மெத்தென்று ஆக்கிக் கொடுத்தார். ஒரு நுனியில் துளை, அது வாத்தியத்தின் அடியில் உள்ள குமிழில் மாட்டும். மறுநுனியில் மெல்லிய தோல் கயிறு. அதை மாண்டலின் தலையில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடவேண்டும்.

குருத்தோலை பவனியில் தெரு முழுக்க வாசித்துக்கொண்டே நடந்தேன். என் முதுகோடு யாரோ கைபோட்டு அணைத்துக்கொண்டு கூட வந்தமாதிரி இருந்தது. ஐயருக்கு ரொம்பப் பிடித்துப்போய், "இனிமே கோயில்லயும் நின்னே வாசிங்கம்மா," என்றுவிட்டார். அதனால் ஞாயிறு தவறாமல் வாரை மாட்ட வேண்டியதாயிற்று.

சித்திரை பாதியில் வார் இறுக்கியது. தலைப்பக்கத்து முடிச்சை அவிழ்த்து ஒரு விரக்கடை தளர்த்தி, அவர் போட்டிருந்த முடிச்சைப் போலவே போட்டுவைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வாருக்கு எண்ணெய் போடுவது அவர் வழக்கம். போடுமுன் சாண் போட்டுப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"ஏட்டி, பெல்ட் இளகியிருக்கு."

"அப்படியா?"

"ஒரு விரக்கடை. புதுத் தோலு இளகத்தான் செய்யும்." இழுத்துக் கட்டி நாலரைச் சாணாக்கி வைத்தார்.

ஞாயிறு காலையில் நான் தளர்த்தினேன். அடுத்த சனிக்கிழமை அவர் இழுத்துக் கட்டினார். அதற்கடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். இப்படியே புருஷனும் பெண்சாதியும் ஒரு வாரைப் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் இழுபறி நடத்தினோம். வைகாசி வந்தபோது இரண்டரை விரக்கடை ஆகியிருந்தது. அவருக்குத் தன்மானமாகப் போய்விட்டது.

"பேக்டரில பதினஞ்சு குதிரைச் சக்தி இழுக்குற பெல்ட்டே இந்த இளகு இளகாது. அப்படி என்ன பாட்டுட்டி வாசிக்க நீ?"

எனக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. சிரிக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை. போன தடவை இதே ஐந்தில்தான் போனது. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

அவர் வாரைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார். பேக்டரிக்குக் கொண்டுபோய்க் கல்லைக் கட்டி ஒரு வாரம் தொங்கவிட்டுச் சோதிக்கப் போகிறாராம். அந்த ஞாயிறு நான் பழையபடி நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தேன்.

மேஸ்திரி சொன்ன வேடிக்கை

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிட வந்தார். நான் அடுப்படியில் புளிக்குழம்பு இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் வாசற்படியில் வாரோடு நின்றார்.

"இளகலைட்டி. ஒரு நூலுகூட இளகல. எட்டு நாளு அம்மிக்கல்ல கட்டித் தொங்கவிட்டிருக்கேன், போட்டது போட்டபடி இருக்கு."

நான் குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேஸ்திரிகிட்ட சொன்னேன். அவரு சிரிக்காரு. 'ஏலே, பெல்ட்டு இளகலைன்னா புல்லிதான்ல பெருத்திருக்கணும்'னு..."

சொல்லிக்கொண்டே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

நான் திரும்பவில்லை. என் முதுகில் அவர் பார்வை விழுந்தது தெரிந்தது. மெதுவாக, "ஏட்டி," என்றார். நான் திரும்பிப் பார்த்தபோது வாசற்படி காலியாக இருந்தது. வாரையும் கொண்டுபோய்விட்டார். சோறு போட்டது போட்டபடி இருந்தது.

மறைத்துவிட்டேன் என்று கோபமா? அல்லது மறுபடி எங்கேயாவது குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாரா? அவர் அழக் கூடாது என்று நான் இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீணாகப் போச்சே என்று இருந்தது.

பொழுதடையத் திரும்பி வந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் பேசவில்லை. ஆனால் விடியலில் நான் எழுந்தபோது தண்ணீர்க் குடங்கள் நிறைந்திருந்தன. குழாயடியில் பெண்கள் வரிசையில் போய் நின்று, அவர்கள் கேலியை வாங்கிக் கட்டிக்கொண்டு, அவரே தூக்கி வந்திருந்தார். மூன்று நாளும் அப்படியே.

நாலாம் நாள் வேலைக்குப் போகுமுன் வாரை என் மாண்டலின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

எடுத்துப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் புதுத் தோல் ஒன்றரைச் சாணுக்கு ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தார். தையல் முதுகில் உறுத்தாமல் இருக்க உள்பக்கம் பழைய வேட்டித் துணியை வைத்திருந்தார். பழைய ஒற்றைத் துளைக்குப் பதிலாக, புதுத் தோலில் வரிசையாகத் துளைகள். முதல் துளையைக் குமிழில் மாட்டிப் பார்த்தேன். அன்றைக்கு என் உடம்புக்குக் கச்சிதமாக இருந்தது. என்னைத் தொட்டு அளக்கவில்லை, அடுப்படி வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்ததுதான்.

அதற்குப் பின்னால் இருந்த துளைகளை எண்ணினேன். எட்டு.

நான் மாதத்துக்கு இரண்டு விரக்கடையாகத் தளர்த்திவந்ததையும், முதலில் தளர்த்தினது எப்போது என்பதையும் வைத்து அவர் கணக்குப் போட்டிருக்கிறார். துளைக்குத் துளை ஒரு விரக்கடை, எட்டுத் துளை என்றால் நாலு மாதம். ஐந்தோடு நாலு ஒன்பது. நான் ஒவ்வொரு விடியலையும் தாண்டுவேனா என்று பயந்துகொண்டிருந்தபோது, அவர் ஒன்பதாம் மாதம்வரைக்கும் துளை போட்டு வைத்திருந்தார். வாரை மடியில் வைத்துக்கொண்டு அன்றைக்கு நான் அழுத அழுகை, அந்த இரண்டு பிள்ளைகளுக்காக அழாமல் விட்டதும் சேர்த்து.

மத்தியானம் வந்தபோது கேட்டேன். "எதுக்கு இத்தனை துளை?"

சோற்றைப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பாராமல் சொன்னார். "வேணும்லா."

குளத்தூருக்கும் நாகலாபுரத்துக்கும் இந்தத் தடவை கார்டு போகவில்லை. துளை துளையாக நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். ஆனியில் மூன்றாவது துளை. ஆடிக்காற்றில் கரிசல் புழுதியும் பஞ்சும் சேர்ந்து பறந்தபோது ஐந்தாவது. சனிக்கிழமை எண்ணெய் போடும்போது எது தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பார். புதுத் துளை தேய்ந்திருந்தால் அன்றைக்கு அவருக்கு ஒரு கைச் சோறு கூட இறங்கும்.

அசனத்தன்று

ஆவணிக் கடைசியில் எங்கள் கோயிலில் அசனம். சபை முழுவதும் ஒன்றாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அதற்கு முன்னால் பாட்டோடு கோயிலைச் சுற்றி ஒரு பவனி போவார்கள். "இந்த உடம்போட எதுக்கும்மா, உக்காந்து பாருங்க," என்று ஐயரே சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை.

மகள் பிறந்தது அதற்குப் பதினைந்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை. கறுப்பாக, கத்தலும் கதறலுமாக, குறையொன்றும் இல்லாமல் பிறந்தாள். ஆனால் எங்களுக்குப் பிள்ளை உண்டு என்று மனசு நம்பியது அசனத்தன்று காலையில்தான்.

கோயிலுக்குப் பக்கத்து அறையில் நின்று வாரை மாட்டினேன். கடைசியான எட்டாவது துளையைக் குமிழுக்கு இழுத்தேன். எட்டவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன், அப்படியும் எட்டவில்லை. வெளியே பெரிய சட்டிகளில் கறி கொதிக்கிற வாசம். பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஏன் இன்னும் வரவில்லை என்று பார்க்க அவர் உள்ளே வந்தார். வாரைப் பிடித்து அவரும் இழுத்துப் பார்த்தார்.

"போதலையே," என்றார்.

"போதல. ஒரு விரக்கடை இடிக்குது."

அவர் வெட்டின பெல்ட் ஒன்றுகூடக் கட்டையாகப் போனதில்லை என்று பேக்டரியில் பேர். அந்த மனுஷனிடம் சொன்னேன்: "உங்க அளவு தப்பிட்டு."

அவர் வாரைப் பிடித்தபடியே அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்க ஆரம்பித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துடைக்கவும் இல்லை, தூசு என்று சொல்லவும் இல்லை.

"தப்பட்டும்ட்டி," என்றார். "தப்பட்டும்."